"நோய் ஒன்றும் இல்லை" என்று எழுதியவன்

நவம்பர் 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. டிஸ்பென்சரிக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். கொயினா டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றியாயிற்று. பஞ்சு முழுக்க நனைந்துவிட்டது.

தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து இன்று பதினோரு பேர். சுண்ணாம்புப் புண், இருமல், விரலில் கத்தி பட்டது ஒன்று. கடைசியாக மாணிக்கம். தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிறவன். வயது இருபத்தெட்டு இருக்கும். கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றவாறே தூங்கினானாம். மேஸ்திரி துரைசாமி அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பத்து நாள்ல இது நாலாவது தபா, கம்பவுண்டரே. எல்லாம் நடிப்பு. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா மொதலாளி இவன அனுப்பிடுவாரு."

பெஞ்சில் உட்கார வைத்ததும் கண் மூடிக்கொண்டது. அமோனியா பாட்டிலை மூக்கருகே பிடித்தேன். தலையைத் திருப்பினான், விழிக்கவில்லை. உள்ளங்காலில் ஊசியால் குத்தினேன். காலை இழுத்துக்கொண்டு கண் திறந்தான். உணர்ச்சி இருக்கிறது, ஆகவே நடிப்பு. என் யோசனை அவ்வளவுதான்.

"இன்னாடா, ராத்திரி எங்க போனே?"

"எங்கியும் போலீங்க அய்யா. சும்மா தூக்கமா வருது. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. உங்களையே ரெண்டு பேராத்தான் பாக்கறேன்."

மேஸ்திரி சிரித்தான். நானும் சிரித்தேன். கள் என்று நினைத்தேன். வாயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன மாதம் காய்ச்சல் என்று வந்து மூன்று நாள் கொயினா வாங்கிப் போனவன்தான் இவன்.

டிஸ்பென்சரி நோயாளிப் புத்தகத்தில் எழுதியது: "நோய் ஒன்றும் இல்லை. சோம்பல்." கீழே கையெழுத்து.

வீட்டில் மனைவி எஸ்தர் கத்தரிக்காய் கேட்டிருந்தாள். மறந்துவிட்டேன். அவளுக்குக் கோபம்.


நவம்பர் 7, புதன்

மேகம் மட்டும். பஞ்சைக் கொடியில் போட்டிருக்கிறேன்.

மாணிக்கத்தை நேற்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்று காலை அவன் மனைவி கன்னியம்மா டிஸ்பென்சரி வாசலில். "நேத்து மத்தியானம் படுத்தவரு, இன்னும் எழல. கஞ்சி குடுத்தா ஒரு வாய் முழுங்கறாரு, மறுபடியும் தூங்கறாரு. நீங்க வந்து ஒரு தபா பாருங்க."

போனேன். ஆற்றோரம் ஒற்றை அறை வீடு. கன்னியம்மாவின் அண்ணன் பேரணாம்பட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான். அங்கே ஒரு தோல் ஷாப்பில் வேலை. நாடி பார்த்தேன், சரி. காய்ச்சல் இல்லை. மார்பு சுத்தம். கண் இமையைத் தூக்கினேன். ஒரு விழி நேராகவும் மற்றது கொஞ்சம் விலகியும் இருந்த மாதிரி. வெளிச்சம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் கேட்டான்: "உடம்புக்கு இன்னா சாமி?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேலை செய்ய வணங்கல. அவ்வளவுதான்." கன்னியம்மா பக்கம் திரும்பி இதையும் சொன்னேன்: "இவன நம்பி உக்காந்துனு இருக்காத. சின்ன வயசு. உங்கண்ணன் வூட்டுக்குப் போய்ச் சேர்."

மாணிக்கத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன். தூங்குகிறவனுக்கு என்ன கேட்கப் போகிறது.

கத்தரிக்காய் வாங்கினேன்.


நவம்பர் 8, வியாழன்

கன்னியம்மாவை அண்ணன் அழைத்துப் போய்விட்டானாம். நல்லது செய்தோம் என்றுதான் தோன்றியது. பின்னே ஏன் இதை எழுதி வைக்கிறேன்?

பல்வலி. கிராம்பு எண்ணெய்.


நவம்பர் 13, செவ்வாய்

வெயில், புழுக்கம். இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

தோல் தரம் பிரிக்கிற காதர் பாய் வந்தார். மாணிக்கத்துக்கு அடுத்த வீடு. கன்னியம்மா போனதிலிருந்து அவர் வீட்டிலிருந்துதான் மாணிக்கத்துக்குக் கஞ்சி.

"கம்பவுண்டரே, அவன் இப்ப தூங்கல. பகல்ல முழிச்சினுதான் இருக்கான். ஆனா கல்லு மாரி உக்காந்துனு இருக்கான். எனக்குப் பயமா இருக்குது. வாங்க."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் மாணிக்கம். எதிரே கிண்ணம். வலது கை வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றிருந்தது. விரலில் சோறு காய்ந்துபோயிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "மத்தியானம் நான் ளுகர் தொழுகைக்குப் போறப்பவே இப்படித்தான்" என்றார் பாய். அப்போது மணி மூன்று.

முகத்தில் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வாயோரம் எச்சில். ஒரு ஈ வந்து கண்ணோரம் உட்கார்ந்தது. மெதுவாக நடந்து இமை விளிம்புக்கு வந்தது. அவன் அதை ஓட்டவில்லை. நான்தான் ஓட்டினேன்.

எவனாலும் இதை நடிக்க முடியாது.

கையைப் பிடித்து இறக்கினேன். ஈயக் குழாயை வளைக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விட்ட இடத்தில் நின்றது. ஊசியால் குத்தின கால் எதிரே நீட்டியிருந்தது. இடது கால். புள்ளி ஆறிவிட்டது.

வீட்டுக்கு வந்து இருக்கிற இரண்டு வைத்தியப் புத்தகத்தையும் புரட்டினேன். இந்த நோய் எதிலும் இல்லை. எஸ்தர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா தேடறீங்க?"

"சோம்பல்னு எழுதி அனுப்பினேனே, அந்த ஆளோட நோய."

"எங்க அனுப்புனீங்க?"

புத்தகத்தை மூடினேன்.


நவம்பர் 15, வியாழன்

வேலூர். தூறல்.

காதர் பாயும் நானும் மாணிக்கத்தை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கி ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றினோம். பாய்க்கு இன்று கூலி போச்சு. நான் சொல்லியும் கேட்கவில்லை. "தோஸ்து ஆச்சே. எட்டு வருஷம் ஒண்ணா வேலை செஞ்சோம்" என்றார்.

காட்பாடியில் இறக்கினோம். பிளாட்பாரத்தில் நிற்க வைத்தால் நிற்கிறான். ஓரடி எடுக்க முடியவில்லை. பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. முன்னே இழுத்தால் மரம் சாய்கிற மாதிரி சாய்கிறான். ஜனங்கள் வட்டம் கட்டி நின்று வேடிக்கை. "குடிச்சிருக்கான்" என்று ஒருவர். அதே வார்த்தைதான் பத்து நாள் முன்னால் என் மனதிலும்.

ஜட்கா வண்டி நிற்பது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கினபோதுதான் அது நடந்தது. தண்டவாளத்தின் நடுவில் ஒரு நிமிஷம் அவனை நிற்க வைத்தோம், பாய் தோளை மாற்றிக்கொள்ள. மாணிக்கம் குனிந்து கீழே பார்த்தான். வரிசையாகக் கட்டைகள். திடீரென்று காலைத் தூக்கி ஒரு கட்டையில் வைத்தான். அடுத்த கட்டை. அதற்கடுத்தது. நேராக, விறைப்பாக, சிப்பாய் மாதிரி தண்டவாளத்தோடு நடந்து போனான்! பாய் "யா அல்லா" என்று ஓடினார். இருபது முப்பது கட்டை தாண்டியிருப்பான். லெவல் கிராசிங்கில் கட்டை தெரியாமல் மண் மூடியிருந்த இடம் வந்ததும் நின்றான். மறுபடியும் கல்.

வட்டம் கட்டினவர்கள் சிரித்தார்கள். "பாத்தியா, நல்லாத்தான் நடக்கறான்."

முந்தின வாரத்து நான் இதைப் பார்த்திருந்தால் புத்தகத்தில் இன்னொரு வரி எழுதியிருப்பேன். "நடக்க முடிந்தவன், நடிப்பு" என்று.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பாய் சாயந்திர ரயிலில் திரும்பினார். நான் எஸ்தரின் தம்பி வீட்டில் தங்கல்.


நவம்பர் 16, வெள்ளி

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். யுத்தத்தில் பட்டாளத்தோடு வெளிநாடு போய்வந்தவர். மாணிக்கத்தைக் கட்டிலில் பார்த்ததும் நின்றுவிட்டார். கண்ணை மேலே கீழே ஓட்டச் சொன்னார். விழி மேலே போகவில்லை. கையை மடக்கி நீட்டினார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

அங்கே, யுத்தம் முடிகிற சமயத்தில், இதே மாதிரி பல பேரைப் பார்த்தாராம். முதலில் காய்ச்சல். பிறகு தூக்கம், வாரக்கணக்கில். சிலர் அதிலேயே போய்விட்டார்கள். பிழைத்தவர்களில் பல பேர் இப்படிக் கல்லாகிவிட்டார்கள். ஐரோப்பாவில் செத்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

முஷ்டியை மடக்கிக் காட்டினார். "இது மூளைன்னு வச்சிக்கங்க." மற்ற கையால் மணிக்கட்டைப் பிடித்தார். "மூளையைத் தாங்கற தண்டு இது. கட்டைவிரல் பருமன்தான். இதோ, இந்த மேல்பாகத்துல புண். முழிப்பும் தூக்கமும் மாறி மாறி வர்றது இங்கதான். எழுந்து நடக்கத் தொடங்கறதும் இங்கயேதான், பக்கத்துப் பக்கத்துல. ஒரு இடத்துல நெருப்புப் பட்டா ரெண்டும் வேகும். சரியா எந்தப் புள்ளி எதைச் செய்யுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

தண்டவாளக் கட்டையைப் பற்றிச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "கால்ல பலம் இருக்கு. 'கிளம்பு'ன்னு உள்ளேர்ந்து வர்ற உத்தரவுதான் இல்ல. கண்ணுக்கு முன்னால கோடு இருந்தா கண்ணு அந்த உத்தரவைக் குடுக்குது. வூட்லயும் சுண்ணாம்பால கோடு போட்டுப் பழக்குங்க."

பிறகு கேட்டார்: "ஆரம்பத்துல எல்லாம் ரெட்டையா தெரியுதுன்னு சொன்னானா? இதுக்கு அது பெரிய அடையாளம்."

"தெரியல, டாக்டர்."

"முதல்ல பாத்தது யாரு?"

"அங்க... டிஸ்பென்சரியில."

யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பொய், ஒரே மூச்சில். அவர் மருந்து எழுதினார். ஊமத்தை இனத்து மருந்து, விறைப்பைக் கொஞ்சம் இளக்குமாம். நோயைத் தீர்க்காது. முதல் நாளே தெரிந்திருந்தாலும் தீர்த்திருக்க முடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. இறங்கியதற்காக வெட்கப்பட்டேன். நோயை நான் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் நான் கொடுத்ததுதானே.

போகும்போது டாக்டர் சொன்ன கடைசி வார்த்தை: "ஜாக்கிரதையாப் பேசுங்க அவன் முன்னால. அந்தத் தூக்கம் நம்ம தூக்கம் மாதிரி இல்ல. பல பேருக்கு எல்லாம் கேக்கும்."


நவம்பர் 17, சனி

மருந்து இரண்டு வேளை போயிருக்கிறது. மாணிக்கத்தின் கை கொஞ்சம் இளகல். காலையில் கட்டிலருகே உட்கார்ந்து பால் ஊட்டிக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. காதை அருகே கொண்டு போனேன். ஏற்ற இறக்கம் இல்லாத சின்னக் குரல், வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற வேகம்.

"நோய் ஒண்ணும் இல்லன்னு எழுதுனீங்க."

கரண்டி கையில் நின்றது.

"வேலை செய்ய வணங்கலன்னு சொன்னீங்க. என்ன நம்பி உக்காந்துனு இருக்காதன்னு அவகிட்ட சொன்னீங்க. அவ அழுதா. அவங்கண்ணன் பெட்டிய எடுத்தான். எல்லாம் கேட்டுச்சு அய்யா."

"மாணிக்கம்..."

"எழுந்து அவகிட்ட சொல்லணும்னு பாத்தேன். நான் நடிக்கலம்மான்னு. எழ முடியல."

முகத்தில் கோபம் இல்லை. அந்த முகத்தில் எதுவும் வராது. கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்கு எப்போதுமே தெரியப் போவதில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் இன்னா செய்யட்டும், சொல்லு."

உதடு மறுபடி அசைந்தது: "அவகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்."

டாக்டரைத் தேடிப் போனேன். முதலில் பார்த்தது நான், ரெட்டையாகத் தெரிகிறது என்று அவன் சொன்னான், நான் சிரித்தேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "முதலாளிக்கு ஒரு கடிதம் தர்றேன். குடுக்கறது உங்க வேலை" என்றார்.


நவம்பர் 19, திங்கள்

ஆம்பூர். நல்ல மழை. குடையில் கம்பி ஒடிந்தது.

முதலாளியிடம் கடிதம் கொடுத்தேன். நல்ல மனிதர், சிடுசிடுப்பு மட்டும் உண்டு. இரண்டு தடவை படித்தார். மேஸ்திரி துரைசாமி வாசலில் நின்றான்.

"அப்போ நீ எழுதுனது?"

"தப்புங்க."

"மேஸ்திரி சொன்னான்னு எழுதுனியா, நீயா பாத்து எழுதுனியா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தான். அவன் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், பாதிச் சுமை அவன் தலைக்குப் போயிருக்கும். "நானா பாத்துத்தான்" என்றேன். இந்த மாதத்தில் நான் சொன்ன ஒரே சுத்தமான பதில். அதற்காகப் பெருமைப்படவும் முடியவில்லை.

முதலாளி கடிதத்தை மடித்தார். "பெரிய பேஜார் பண்ணி வச்சிருக்கே கம்பவுண்டர். அவன் குணமானா உக்காந்து தோலுக்குப் போடற கடுக்காய் பொறுக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா ஒண்ணு. உன் வரிய நம்பி இதுக்கு முன்னால எத்தினி பேர அனுப்பினேன்? அதுல எத்தினி பேரு நிஜமா சோம்பேறி?"

டிஸ்பென்சரிக்கு வந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நான்கு வருஷம். என் கையெழுத்தில் "சோம்பல்" ஏழு இடத்தில். மாணிக்கம் எட்டாவது. ஏழு பெயரில் மூன்று முகம்தான் ஞாபகம் வருகிறது.

மாணிக்கத்தின் வரியைச் சிவப்பு மசியால் அடித்தேன். பக்கத்தில் "தவறு. மூளைத் தண்டில் நோய்" என்று எழுதிக் கையெழுத்து. அடித்த பிறகும் கீழே இருக்கிறதை நன்றாகவே படிக்க முடிகிறது.


நவம்பர் 21, புதன்

பேரணாம்பட்டு. மாட்டுவண்டி, சேறு.

கன்னியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். ஏதோ கெட்ட சேதி என்று நினைத்திருப்பாள்.

"இருக்கான். உயிரோட இருக்கான். நான் சொன்னது பொய், கன்னியம்மா. அவனுக்கு நோய். நடிப்பு இல்ல."

எல்லாம் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன், டாக்டர் காட்டின மாதிரி. அவள் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கெளம்பறப்ப, அவரு கையப் புடிச்சேன். விரலு லேசா அழுத்திச்சு. நெசமாத்தான் அழுத்திச்சு. முழிச்சினு இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுது." முறத்தை எடுத்து மறுபடியும் கீழே வைத்தாள். "முழிச்சினே படுத்திருக்காரு, கம்பவுண்டர் சொன்னது சரிதான், நடிக்கறாருன்னு நெனச்சிட்டேன். கைய உதறிட்டு வந்தேன்."

அண்ணன் வெளியே வந்தான். "படிச்சவரு சொன்னாருன்னு தானேய்யா இட்டாந்தேன்! இப்ப படிச்சவரு வந்து இல்லன்றாரு. நாளைக்கி இன்னா சொல்லுவே?" என் தோளில் ஒரு தள்ளு. விழவில்லை. விழுந்திருந்தாலும் சரிதான்.

கன்னியம்மா உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். வண்டியில் ஏறினாள். நான்கு மணி நேரம். ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நான் அழுதது அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டிருக்கு."

அதற்குப் பிறகு ஊர் வரும்வரை முகத்தை மூடிக்கொண்டாள்.


டிசம்பர் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாவமன்னிப்பு ஜெபத்தில் வாய் மட்டும் அசைந்தது.

ஏழு பெயரில் விசாரித்தவை: ஒருவன் கோலார் சுரங்கத்துக்குப் போய்விட்டான், சௌக்கியமாம். ஒருவன் நிஜமாகவே குடிகாரன், இன்னும் குடிக்கிறான். ஷாப்பில் தோலுக்குப் பட்டை இடிக்கிற பார்வதி, போன வருஷம் இறந்துவிட்டாள். இருமி இருமி. "சோம்பல்" என்று எழுதிய நான்கு மாதத்துக்குள். அவள் மகள் சொன்னாள், "உங்க மேல எங்கம்மாவுக்கு ஒண்ணும் கோவம் இல்லீங்க." கோபம் இல்லை என்கிறதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய.

மீதி நான்கு.

மாணிக்கம் வீட்டுக்கு வந்து ஐந்து நாள். காதர் பாய் சொல்கிறார்: கன்னியம்மா அறைக்குள் சுவரிலிருந்து வாசல்வரை சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறாள், அவன் அதில் வாசல்வரை நடக்கிறான். பகலில் தூக்கம் மீண்டும் ஜாஸ்தி. ராத்திரி முழிப்பு. அவளும் கூடவே முழித்திருக்கிறாளாம். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.


டிசம்பர் 9, ஞாயிறு

பனி. வெயில் ஏறியதும் கிளம்பினேன். கையில் மருந்துப் பாட்டில், எஸ்தர் கொடுத்த முட்டை நான்கு.

கன்னியம்மா கதவருகே ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள். முட்டையை வாங்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் உள்ளே போனேன்.

மாணிக்கம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். முதலாளி கூடையோடு வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார். ஒன்று எடுப்பதற்கும் அடுத்தது எடுப்பதற்கும் நடுவில் நான் மூன்று மூச்சு விட்டேன்.

என்னைப் பார்த்தான். கையை முழங்காலில் ஊன்றினான். எழுந்திருக்கப் பார்க்கிறான் என்று எனக்கு உடனே புரியவில்லை. கம்பவுண்டர் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம்.

"வேணாம் மாணிக்கம். உக்காரு. எனக்காக எழாத."

பாதி எழுந்துவிட்டான். அதோடு நின்றுவிட்டது. முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல். கண் மட்டும் என்மேல். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. முட்டையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்துத் தாங்கினேன். எவ்வளவு கனம். மூச்சு என் கழுத்தில் பட்டது.

கன்னியம்மா ஓடி வந்தாள். "வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவன் உதடு அசைந்தது. இருவரும் காத்திருந்தோம்.

"இருக்கட்டும்" என்றான்.

என்னிடம் சொன்னானா, அவளிடம் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. கையை எடுக்கவில்லை.